வேகம் எங்கே தேங்குகிறது?

ஜெர்மனியில் 2021 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கும் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, இணையச் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் அரியதோர் உரிமையை வழங்குகிறது. வீட்டுக்கு வந்து சேரும் இணைப்பின் வேகம் ஒப்பந்தத்தில் வாக்களிக்கப்பட்ட அளவைவிட வெகுவாக, அதுவும் தொடர்ச்சியாகவோ அடிக்கடியோ குறைந்திருக்குமாயின், எந்த விகிதத்தில் வேகம் குறைந்ததோ அந்த விகிதத்தில் மாதக் கட்டணத்தையும் குறைத்துச் செலுத்தலாம். வேண்டுமானால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம் என்பதே அந்த உரிமை. ஆயினும் அதைக் கையாள விரும்புகிறவர் முதலில் ஒரு பரீட்சையில் தேற வேண்டும். குறை இருக்கிறது என்று முறையிட்டால் மட்டும் போதாது. அது கம்பெனியின் இணைப்பைச் சேர்ந்தது, தம் வீட்டுச் சுவருக்குள் பிறந்ததன்று என்பதை அளந்து காட்டும் பொறுப்பு அவருடையது.

டோர்ட்முண்டிலும் ஸ்டுட்கார்ட்டிலும் மியூனிக்கிலும் குடியிருக்கும் நம்மவர் பலர், மாலை வேளையில் ஊரிலுள்ள பெற்றோருடன் வீடியோவில் பேச உட்காரும்போதும், பிள்ளைகளுக்காக ஒரு திரைப்படத்தை இறக்கிக்கொள்ள முயலும்போதும், திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துவிட்டு, “நெட் ஸ்லோ” என்று இரண்டே சொல்லில் வழக்கைத் தீர்த்துவிடுகிறார்கள். நெட் என்பது ஒரே பொருளாக இருந்தால் அந்தத் தீர்ப்பு போதுமானது. ஆனால் அது ஒரு நெடிய மார்க்கம். பல உடைமையாளர்களுக்குச் சொந்தமான பல துண்டுகளால் ஆனது. ஆகையால் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பு, எந்த இடத்தில் மெதுவாகிறது என்று கேட்பதே விவேகம். பின்னைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முன்னைய கேள்விக்கு விடை பெரும்பாலும் தானே கிடைத்துவிடும்.

பிராங்பர்ட்டிலுள்ள ஒரு தரவு மையத்திலிருந்து புறப்படும் கோப்பு ஒன்றை நிதானமாகப் பின்தொடர்ந்து பார்ப்போம். முதலில் அது வைக்கப்பட்டிருக்கும் சர்வர். பிறகு, பல கம்பெனிகளின் வலையமைப்புகள் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் பரிமாற்ற நிலையம். அங்கிருந்து நம் ஊர் வரையில் பூமிக்கடியில் ஓடும் கண்ணாடி இழை. தெருவோரத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும் இணைப்புப் பெட்டி. அப்பெட்டியிலிருந்து கட்டடத்தின் கெல்லருக்குள், அதாவது நிலவறைக்குள், நுழையும் செப்புக் கம்பி. நிலவறையிலிருந்து மாடியேறிச் சுவரிலுள்ள டெலிபோன் சாக்கெட்டை அடையும் உள்கம்பி. அதனோடு இணைந்த ரூட்டர். கடைசியாக, ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையேயுள்ள ஆகாயம். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு. அவற்றுள் எது மிகவும் குறைவோ அதுவே முழு மார்க்கத்தின் வேகம். மற்றத் துண்டுகளைப் பத்து மடங்கு மேம்படுத்தினாலும் ஒரு பிட் கூட அதிகமாக வந்து சேராது.

எண்ணைப் பற்றிய ஒரு மயக்கத்தை இங்கேயே நீக்கிவிடுவது நலம். ஒப்பந்தத்தில் எழுதப்படுவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று. பதிவிறக்கச் சாளரம் காட்டுவதோ பெரும்பாலும் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் வேகத்துக்குச் சந்தா செலுத்துகிறவர் தம் திரையில் 12 என்ற எண்ணைக் கண்டு பதறத் தேவையில்லை, 12.5 தான் அங்கே உச்சம்.

இனி பரிசோதனை. அதன் முதற்படி ஆகாயத்தை விலக்குவது. வைஃபையை அணைத்துவிட்டு, கணினியை ஒரு லேன் கேபிளால் ரூட்டருடன் நேராக இணைத்து, வீட்டிலுள்ள பிற சாதனங்களை மௌனமாக்கி, வேகத்தை அளக்க வேண்டும். இப்போது வாக்களித்த வேகம் கிடைத்தால் குறை வைஃபையில். கிடைக்காவிட்டால் கேபிளிலோ, ரூட்டரிலோ, அதற்கு அப்பாலோ. இவ்வளவு எளிய ஒரு பாகுபாட்டைச் செய்யாமலே எத்தனையோ பேர் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, காத்திருப்புச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேபிளும் சில சமயம் பொய் சொல்லும். நொடிக்கு ஒரு கிகாபிட் செல்வதற்கு அதனுள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் பழுதின்றி இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று முறிந்துவிட்டாலோ, சுவருக்குள் பதித்த பழைய வயரிங்கில் நான்கு கம்பிகளே இணைக்கப்பட்டிருந்தாலோ, இரு முனைகளிலுமுள்ள சாதனங்கள் யாரிடமும் சொல்லாமல் தமக்குள் பேசிக்கொண்டு, நான்கு கம்பிகளே போதுமான 100 மெகாபிட் முறைக்கு இறங்கிவிடுகின்றன. அந்த முறையில் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் 1,538 பைட் இடத்தைப் பிடித்துக்கொண்டு 1,460 பைட் சரக்கை மட்டுமே சுமப்பதால், பயனுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 94.9 மெகாபிட். எனவே 250 மெகாபிட் ஒப்பந்தம் உள்ள ஒருவர் காலையில் அளந்தாலும் நள்ளிரவில் அளந்தாலும் 94 என்ற எண்ணே வருமானால், தெருவை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன்பு அவர் அந்தக் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். தெருக்கம்பியின் குறை ஏறும், இறங்கும். இப்படி ஆணியடித்தாற்போல் ஒரே எண்ணில் நிற்பது அபூர்வம்.

வைஃபையின் குறைகள் இருவகைப்பட்டவை: அலை வலுவிழப்பது ஒன்று, நெரிசல் மற்றொன்று. ஜெர்மானியக் கட்டடங்களில் முதல் வகைக்குப் பஞ்சமில்லை. ஆல்ட்பாவ் என்று சொல்லப்படும் பழைய வீடுகளின் தடித்த செங்கற்சுவர்களும், பிற்காலத்துக் கான்கிரீட் தளங்களின் இரும்புக் கம்பி வலைகளும், தரைக்கடியில் வெந்நீர் ஓடவிட்டுச் சூடேற்றும் அமைப்பில் விரிக்கப்படும் அலுமினியத் தகடும், குளிரைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றிய சன்னல் கண்ணாடியும் வானொலி அலையை உறிஞ்சியோ பிரதிபலித்தோ வழிமறிக்கின்றன. குளிர்காலத்துக்காகக் கட்டிய வீடு அலைக்கும் கதவடைக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமாகச் சுமக்கும், ஆனால் சுவர்களில் விரைவில் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் செல்லும், ஆனால் கொஞ்சமே சுமக்கும். நிலவறையிலோ, செருப்பலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சியின் முதுகுக்குப் பின்னாலோ ரூட்டரை ஒளித்துவைத்துவிட்டுக் கடைசி அறையில் வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

நெரிசலின் தன்மை வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஐரோப்பாவில் 13 சானல்கள் உண்டு என்றாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு சானலோ ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று படாமல் இயங்கக்கூடியவை மூன்று அல்லது நான்கே. ஐந்து மாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரூட்டர்கள் அந்த நான்கு இடத்துக்குப் போட்டியிடுகின்றன. மேலும், வைஃபையில் ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனமே பேசலாம். மற்றவை கேட்டுக்கொண்டு தம் முறைக்குக் காத்திருக்கும். இதனால், பழைய பிரிண்டரோ தூரத்து அறையிலுள்ள மலிவான கேமராவோ ஒரு சிறு செய்தியை மிக மெதுவாக அனுப்பும்போது, பந்தியில் ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரையில் அடுத்த பந்தி முழுவதும் வாசலில் நிற்பதுபோல, வேகமான சாதனங்களும் நின்றுவிடுகின்றன. நெரிசலுக்கு மருந்து, அருகிலுள்ள சாதனங்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும், இடம்பெயராத தொலைக்காட்சிக்கும் மேசைக் கணினிக்கும் கேபிள் கொடுத்து அவற்றை ஆகாயத்திலிருந்து விடுவிப்பதும்.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு விசித்திரமான பங்காளி உண்டு. எசன் நகரத்திலும், மியூனிக்குக்குக் கிழக்கே ஈசன் என்ற ஊரிலும், இன்னும் பல இடங்களிலுமாக, ஜெர்மன் வானிலைத் துறையின் 17 ராடார் நிலையங்கள் மழையைத் தேடிச் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவை பயன்படுத்தும் 5,600 முதல் 5,650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, வைஃபையின் 120, 124, 128 ஆகிய சானல்களோடு ஒன்றியிருக்கிறது. சட்டப்படி மழைக்கே முன்னுரிமை. ரூட்டர் அந்தச் சானல்களில் பேசத் தொடங்குவதற்கு முன்பு பத்து நிமிஷம் மௌனமாகக் கேட்டிருக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கையில் ராடார் துடிப்பை உணர்ந்தால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். காரணமின்றி 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு மறைந்து சிறிது நேரத்துக்குப் பின் திரும்பி வருகிறதென்றால், ரூட்டரின் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். ராடார் என்ற சொல் அங்கே பதிவாகியிருக்கக்கூடும்.

கேபிளில் அளந்தும் குறை தீராதபோது, விசாரணை சுவரிலுள்ள சாக்கெட்டுக்கும் அதற்கப்பாலுள்ள செம்புக்கும் செல்கிறது. டெலிபோன் பேச்சுக்குச் சில கிலோஹெர்ட்ஸ் அகலமே போதும். அதற்காகப் புதைத்த கம்பி ஜோடியின்மேல் இன்று 35 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏற்றப்படுகின்றன. அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கம்பியின் உட்புறத்தை விட்டு மேற்றோலிலேயே ஓடத் தொடங்குவதாலும், காப்புறை சிறிது சக்தியைக் குடித்துவிடுவதாலும், உயர்ந்த அலைகள் தூரத்தில் முதலில் மறைகின்றன. அதனால்தான் 250 மெகாபிட் தரக்கூடிய ஒரு தெருப் பெட்டி சில நூறு மீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கே அதைத் தருகிறது. தெருவின் கோடியிலுள்ள வீட்டுக்கு அதே பெட்டியிலிருந்து அதில் ஒரு பகுதியே போய்ச் சேர்கிறது.

ஒரே உறைக்குள் நெருங்கி ஓடும் ஜோடிகள் ஒன்றின் அலையை மற்றொன்று ஒட்டுக்கேட்பதும் இயற்கை. முன்காலத்தில் நம் ஊர் டெலிபோனில் யாரோ இருவர் நெல் விலை பேசிக்கொண்டிருப்பது நம் காதில் விழுமே, அந்த ‘கிராஸ் டாக்’ தான் இது. இரு கம்பிகளையும் முறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை குறையும் என்ற உபாயத்துக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் உயர்ந்த அதிர்வெண்களுக்கு முறுக்கு மட்டும் போதவில்லை. ‘வெக்டரிங்’ என்ற பிற்காலத்து முறையில், தெருப் பெட்டியிலுள்ள இயந்திரம் எந்த ஜோடி எந்த ஜோடியை எவ்வளவு கெடுக்கிறது என்பதை இடைவிடாமல் கணித்து, அந்தக் கெடுதலுக்கு நேர் எதிரான அலையை முன்கூட்டியே கலந்து அனுப்புகிறது. இரண்டும் வழியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதற்கு அந்த உறையிலுள்ள ஜோடிகள் யாவும் ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 2013-லும் 2016-லும் இது பற்றி ஒழுங்குமுறை அதிகாரிகள் தீர்ப்பளிக்க நேர்ந்தபோது, டாய்ச்ச டெலிகாமுக்கு மறுபடியும் ஏகபோகம் கொடுக்கிறார்கள் என்று போட்டியாளர்கள் கூக்குரலிட்டார்கள்; பௌதிகத்தின் ஒரு நிபந்தனை வர்த்தக வழக்காயிற்று.

இந்தத் துண்டில் வீட்டுக்காரர் தம் கையாலேயே பிடிக்கக்கூடிய ஒரு குற்றவாளி உண்டு. பழைய வீடுகளில் கூடத்தில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக டெலிபோன் சாக்கெட்டுகள் பல வைத்து, ஒரே கம்பியிலிருந்து கிளை பிரித்திருப்பார்கள். பயன்படாத கிளை சும்மா இருப்பதாகத் தோன்றும். ஆனால் அலை அந்தக் கிளைக்குள்ளும் சென்று, திறந்த முனையில் மோதித் திரும்பி, மூல அலையுடன் கலக்கிறது. கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக அமைந்த அதிர்வெண்ணில், திரும்பி வந்த அலை மூல அலைக்கு நேர் எதிராக நின்று அதை அழித்துவிடும். கம்பியில் அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஆகவே 5 மீட்டர் நீளமுள்ள ஒரு மறந்துபோன கிளை 10 மெகாஹெர்ட்ஸை விழுங்கும். பெர்லினில் 1986-ல் ஏ.வி.எம். என்ற பெயரில் தோன்றிய நிறுவனத்தின் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர், ஜெர்மன் வீடுகளில் எங்கும் காணப்படுவது; டெலிபோன் கம்பி வழி இணையமான டி.எஸ்.எல்.-க்குரிய அதன் பக்கத்தில் ஸ்பெக்ட்ரம் என்ற படம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான சிறு அலைவரிசைகள் ஒவ்வொன்றும் எத்தனை பிட் சுமக்கிறது என்பதை அது வரைந்து காட்டும். அந்த வரைபடத்தின் நடுவே அகன்ற பள்ளம் ஒன்று தென்பட்டால், கிளைக் கம்பியைச் சந்தேகிக்கலாம். கிளையைத் துண்டித்த மறுகணம் பள்ளம் தூர்ந்து வேகம் உயர்வதும் உண்டு.

மின்சாரக் கம்பி வழியாகவே இணையத்தை அறைக்கு அறை கொண்டுசெல்லும் பவர்லேன் செருகிகளும் இதே அதிர்வெண்களில் பேசுகின்றன. டெலிபோன் கம்பியும் மின் கம்பியும் சுவருக்குள் அருகருகே ஓடினால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு இரைச்சலாகிறது. அந்தச் செருகிகளைப் பிடுங்கிவிட்டு ரூட்டர் காட்டும் இணைப்பு வேகத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கேபிள் டி.வி. கம்பியின் வழியாக இணையம் பெறுகிறவர்களின் நிலை வேறு. அங்கே ஒரு பகுதியின் வீடுகள் யாவும் ஒரே கொள்ளளவைப் பங்கிட்டுக்கொள்வதால், காலை ஆறு மணிக்கு அள்ளிக் கொடுக்கும் இணைப்பு இரவு எட்டு மணிக்குக் கஞ்சத்தனம் செய்யும். மணிக்கு மணி அளந்து குறித்துவைத்தால் இந்த நோயின் லட்சணம் தெளிவாகத் தெரியும். மற்றொரு கோளாறும் அங்கே உண்டு. வீடுகளிலிருந்து வெளியே செல்லும் அலைகள் பெரும்பாலும் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரே கம்பியில் ஒன்றுகூடுகின்றன. ஒவ்வொரு வீட்டின் இரைச்சலும் அதனுடன் கூடிப் பெருகுகிறது. எவரோ ஒருவர் வீட்டில் தளர்ந்துபோன ஒரு செருகியோ, பழுதான ஒரு பழைய ஆன்டெனா பெருக்கியோ, தெருவிலுள்ள அனைவருடைய இணைப்பையும் கெடுத்துவிட முடியும். டெக்னீஷியன்கள் கிளை கிளையாகப் பிரித்து அளந்து அந்த வீட்டின் கதவைத் தட்டும்போது, வீட்டுக்காரருக்குத் தாம் செய்தது என்னவென்றே தெரிந்திருக்காது.

இவ்வளவு தொழில் வளம் நிறைந்த தேசத்தில் இன்னும் ஏன் செம்பு என்று கேட்பவர்களுக்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. 1981 ஏப்ரலில் ஹெல்முட் ஷ்மிட்டின் மந்திரிசபை, தேசம் முழுவதும் கண்ணாடி இழை வலையை நிறுவும் நீண்டகாலத் திட்டத்துக்கு இசைந்தது. மறு ஆண்டே அந்த அரசு கவிழ்ந்தது. ஹெல்முட் கோலின் ஆட்சியில் தபால் மந்திரியாக வந்த கிறிஸ்டியான் ஷ்வார்ட்ஸ்-ஷில்லிங், தனியார் தொலைக்காட்சிகளை விரைவில் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொருட்டுச் செப்புக் கேபிளைப் பரப்பினார். தேசங்கள் இணைந்த 1990-க்குப் பிறகு கிழக்குப் பகுதியில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ‘ஓபால்’ என்ற பெயரில் கண்ணாடி இழைத் தொடர்பு தரப்பட்டது உண்மை. ஆனால் அது டெலிபோனையும் தொலைக்காட்சியையும் மனத்தில் கொண்டு அமைந்தது. 1999-ல் 768 கிலோபிட் வேகத்துடன் டி.எஸ்.எல். சேவை வந்தபோது அதற்கு இடையறாத செப்புக் கம்பி தேவைப்பட்டது. நவீனமான இழையைப் பெற்ற கிழக்கு ஜெர்மானியர் அதன் காரணமாகவே வேக இணையம் இன்றித் தவிக்க, சில இடங்களில் டெலிகாம் மறுபடியும் செம்பைப் புதைக்க நேர்ந்தது.

மார்க்கத்தின் அக்கரையையும் மறந்துவிடலாகாது. 1995-ல் பிராங்பர்ட்டில் தொடங்கிய டே-சிக்ஸ் பரிமாற்ற நிலையத்தில் 2020 மார்ச்சில் நொடிக்கு 9 டெராபிட்டுக்கு மேல் தரவு கைமாறியது. நடுவழி பொதுவாக விசாலமானதே. ஆனால் தூரம் என்பது விசாலத்தால் தீராதது. கோப்பை அனுப்பும் சர்வர், சென்று சேர்ந்ததற்கான ஒப்புகை வரும் வரையில் ஓர் அளவுக்கு மேல் அனுப்பாது. பழைய விதிப்படி அந்த அளவு 64 கிலோபைட். சென்னையிலுள்ள ஒரு சர்வருக்குப் போய்த் திரும்ப 150 மில்லி நொடி ஆகுமானால், வழி எவ்வளவு அகலமாயினும் 3.5 மெகாபிட்டுக்கு மேல் செல்லாது. இன்றைய இயங்குதளங்கள் அந்த அளவை விரித்துக்கொள்கின்றன என்றாலும், ஒரு பொட்டலம் தொலைந்தால் வேகத்தைக் குறைத்து மெல்ல ஏறும் வழக்கம் இன்றும் உண்டு. அந்தப் பணிவுக்குக் காரணம் இருக்கிறது. 1986-ல் கலிபோர்னியாவில், ஒன்றுக்கொன்று 400 கெஜ தூரமே உள்ள இரண்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இடையே, எல்லாக் கணினிகளும் விடாப்பிடியாக அனுப்பிக்கொண்டே இருந்ததால், 32 கிலோபிட் வேகம் வெறும் 40 பிட்டாக வீழ்ந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் வகுத்துக் கொடுத்த நெரிசல் விதிகளின் வழித்தோன்றல்களே இன்றும் இணையத்தைக் காக்கின்றன. ஒப்புகைகள் பதிவேற்றத் திசையில் செல்வதால், போனிலுள்ள புகைப்படங்கள் மேகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, குறுகிய பதிவேற்ற வழியில் ஒப்புகைகள் வரிசையில் நிற்க, பதிவிறக்கமும் தடுமாறுவதை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

மேற்சொன்ன பாகுபாடுகளைச் செய்து, குறை சாக்கெட்டுக்கு அப்பால்தான் என்று தெளிந்தவருக்கே முதலில் குறிப்பிட்ட சட்டம் உதவுகிறது. பான் நகரிலுள்ள புண்டெஸ்நெட்ஸ்ஏஜென்டூர் என்ற கூட்டாட்சி ஒழுங்குமுறை நிறுவனம் ‘பிரைட்பாண்ட்மெசுங்’ என்ற அளவை மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அதைக் கணினியில் நிறுவி, லேன் கேபிளில் இணைத்து, 14 நாட்களுக்குள் மூன்று வெவ்வேறு தினங்களில், தினத்துக்குப் பத்து வீதம் முப்பது அளவைகள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு அளவைக்கும் இடையே ஐந்து நிமிஷமும், ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையே மூன்று மணி நேரமும் விட வேண்டும். ஒரு மாலையின் நெரிசலையோ ஒரு நிமிஷத்தின் தடங்கலையோ ஆதாரமாகக் காட்டி எவரும் வழக்காடிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இடைவெளிகள்.

ஒப்பந்தத்துடன் தரப்படும் தகவல் தாளில் மூன்று எண்கள் இருக்கும்: உச்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், குறைந்தபட்ச வேகம். அவை 100, 83, 54 என்று வைத்துக்கொள்வோம். மூன்று தினங்களில் குறைந்தது இரண்டிலாவது ஒரு முறையேனும் 90-ஐத் தொட்டிருக்க வேண்டும். முப்பதில் இருபத்தேழு அளவைகளாவது 83-ஐ எட்டியிருக்க வேண்டும். இரண்டு தினங்களில் 54-க்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளுள் ஒன்று தவறினாலும் குறை நிரூபணமானதாகக் கொள்ளப்படும். மென்பொருள் தரும் சான்றைக் கம்பெனிக்கு அனுப்பலாம். இதைத் தவிர, எந்த வீட்டுக்கும் ஓர் அடிப்படைச் சேவை உரிமை 2022 முதல் உண்டு. தொடக்கத்தில் 10 மெகாபிட்டாக இருந்த அந்த அளவு 2024 இறுதியில் 15 ஆக உயர்த்தப்பட்டது.

வேகம் குறைவாக இருக்கிறது என்று முறையிடும்போது விற்பனையாளர் பல சமயங்களில் கூறும் யோசனை, இன்னும் பெரிய சந்தாவுக்கு மாறுங்கள் என்பது. தடை தெருக்கம்பியில் இருந்து, பெரிய சந்தாவுடன் புதிய தொழில்நுட்பமும் வருமானால் அந்த யோசனை பயன் தரும். தடை படுக்கையறைச் சுவரிலோ, முறிந்த கம்பியிலோ, மறந்துபோன கிளையிலோ இருந்தால், 100-க்கு வந்த 40-தான் 250-க்கும் வரும். கட்டணம் மட்டுமே உயரும். தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழையைக் கொண்டுவரும் வேலை இப்போது ஜெர்மனியெங்கும் நடந்து வருகிறது. அது முடியும் நாளில் செம்பின் தொல்லைகள், கிளைகள், கிராஸ் டாக் யாவும் கதையாகிவிடும். அப்போதும் அந்த இழை நம் ரூட்டரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் உள்ள ஆறேழு மீட்டர் ஆகாயத்தைப் பற்றி எந்தத் தகவல் தாளிலும் வாக்குறுதி இல்லை. அங்கே குறைகிற வேகத்துக்கு எந்தச் சட்டமும் கட்டணத்தைத் திருப்பித் தராது.